அசையும் முன்னேற்ற வளையம்: எஸ்விஜி கொண்டு வலைப்பக்கத்தில் அமைக்கும் முறை

கோப்பு அப்லோட் ஆகும்போது வட்டமாக நிரம்பிக்கொண்டே வரும் வளையத்தை உங்கள் பக்கத்தில் வைக்க எந்த லைப்ரரியும் தேவையில்லை. எஸ்விஜியில் (வடிவங்களை எழுத்தில் சொல்லி வரையும் படமுறை) இரண்டு வட்டங்கள், சில வரி சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் போதும். ஆனால் முதல் வரியை எழுதுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்ற எண் உங்கள் நிரலிடம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருந்தால் நிரம்பும் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் சுழலும் வளையம் போடுங்கள். எண் கையில் இல்லாமலே நிரம்பும் வளையத்தைப் போட்டு, டைமரை வைத்து 90% வரை ஓட்டி அங்கேயே நிறுத்திவைக்கும் தளங்கள் நிறைய உண்டு. அது பயனருக்குச் சொல்லும் பொய். இன்னும் சில நொடிதானே என்று அவர் காத்திருப்பார். மொபைல் டேட்டா நடுவில் துண்டித்துப் போயிருந்தாலும் அவருக்குத் தெரியவே தெரியாது.

எப்போது காட்ட வேண்டும் என்பதற்கு, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன கணக்கு இன்றும் பொருந்துகிறது. 0.1 நொடிக்குள் முடிவது உடனே நடந்ததாகவே தோன்றும். 1 நொடி வரை எண்ணவோட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும், அதனால் எவ்வளவு முடிந்தது என்ற சதவீதம் அங்கே கட்டாயம் வேண்டும். அரை நொடியில் முடியும் வேலைக்கு வளையம் காட்டினால் திரையில் மின்னி மறையும், அது எரிச்சல்தான் தரும்.

இனி வரும் பண்புப் பெயர்களை ஒலிப்பெயர்ப்பில் தந்திருக்கிறோம். எடிட்டரில் ஆங்கிலத்தில் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் முழுப் பெயரையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். சிஎஸ்எஸ் பண்புகளில் சொற்களுக்கு நடுவே சிறுகோடு வரும்.

படி 1: இரண்டு வட்டங்கள்

ஒரு எஸ்விஜி எலிமென்ட் எழுதி, அதன் வியூபாக்ஸுக்கு, அதாவது உள்ளே வரையும் பரப்புக்கு, 0 0 120 120 என்று கொடுங்கள். உள்ளே இரண்டு சர்க்கிள் எலிமென்ட். இரண்டுக்கும் மையம் 60, 60. ஆரம் 52. ஃபில் பண்புக்கு 'நன்' என்ற மதிப்பு, அதாவது உள்ளே நிறம் வேண்டாம். ஸ்ட்ரோக்-விட்த் 10. முதல் வட்டம் தடம். அது எப்போதும் முழுதாக, வெளிர் நிறத்தில் இருக்கும். இரண்டாவது வட்டம்தான் நிரம்பப் போகிறது.

ஆரம் ஏன் 60 இல்லை? கோட்டின் பருமன் ஆரத்துக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாகப் பிரியும். ஆரம் 60 என்று வைத்தால் வெளிப்பாதி 65 வரை போய், எஸ்விஜியின் நான்கு ஓரங்களிலும் வெட்டுப்படும். 52-உடன் 5-ஐக் கூட்டினால் 57, ஓரத்துக்கு 3 அலகு இடைவெளி மிச்சம். வளையத்தின் நான்கு பக்கமும் தட்டையாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திரையில் வளையம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதை சிஎஸ்எஸ்ஸில் எஸ்விஜியின் அகலமாகக் கொடுங்கள். பிக்சலில் கொடுக்காமல் 7.5 ரெம் என்று கொடுத்தால், எழுத்தளவைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு வளையமும் சேர்ந்தே பெரிதாகும்.

இந்த எலிமென்ட்களை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக உருவாக்கும் எண்ணம் இருந்தால் வழக்கமான கிரியேட்எலிமென்ட் உதவாது. டெவலப்பர் டூல்ஸில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், திரையில் ஒன்றும் வராது. எஸ்விஜிக்கு உரிய நேம்ஸ்பேஸைக் கேட்கும் கிரியேட்எலிமென்ட்என்எஸ்-தான் தேவை. புதியவர்கள் எச்டிஎம்எல்லில் நேராக எழுதிவிடுவதே நல்லது.

படி 2: கோட்டை 100 பங்காக்குதல்

வளையம் நிரம்புவதன் சூட்சுமம் இரண்டு பண்புகளில் இருக்கிறது: ஸ்ட்ரோக்-டேஷ்அரே, ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட். முதலாவது, கோட்டை விட்டு விட்டு வரைய வைக்கும். அதில் 100 என்று மட்டும் கொடுத்தால் 100 அலகு கோடு, 100 அலகு வெற்றிடம், மறுபடி 100 அலகு கோடு என்று போகும். இரண்டாவது, அந்த வரிசையை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று சொல்லும். வட்டத்தின் மேல் ஒரு நாடாவைச் சுற்றி ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் முதல் பாதிக்கு நிறம் உண்டு, மறுபாதி கண்ணாடி. நாடாவை நகர்த்த நகர்த்த நிறமுள்ள பகுதி கூடும், குறையும்.

பழைய முறையில் இதற்கு வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட வேண்டியிருக்கும். 2 × 3.14159 × 52 = 326.73. இதை 326 என்று சுருக்கிவிட்டால் 100% ஆன பிறகும் தொடக்கத்தில் மயிரிழை அளவு கோடு விட்டுப்போகும். பின்னாளில் ஆரத்தை மாற்றினால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையை ஒரே பண்பு தீர்த்துவைக்கிறது. இரண்டாவது வட்டத்துக்கு பாத்லென்த் என்று எழுதி 100 கொடுங்கள். உண்மைச் சுற்றளவு எதுவானாலும் அதை 100 என்று எடுத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்கிறீர்கள். எஸ்விஜியின் முந்தைய பதிப்பில் பாத் எலிமென்டுக்கு மட்டுமே இருந்த வசதி இது. இரண்டாம் பதிப்பில் வட்டம் உள்ளிட்ட எல்லா வடிவங்களுக்கும் வந்துவிட்டது, இன்றைய பிரவுசர்கள் எல்லாம் ஏற்கின்றன.

இனிக் கணக்கு எளிது. டேஷ்அரே 100. டேஷ்ஆஃப்செட் என்பது 100-இலிருந்து சதவீதத்தைக் கழித்தது. 75% காட்ட 25, 0% காட்ட 100, 100% காட்ட 0.

சதவீதத்தை ஒரு சிஎஸ்எஸ் மாறியில் வைத்துக்கொள்வது வசதி. அதன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கோப்பு யூடிஎஃப்-8-இல் சேமிக்கப்பட்டிருந்தால் --அளவு என்பது முழுக்கச் செல்லுபடியாகும் பெயர். டேஷ்ஆஃப்செட்டுக்கு, சிஎஸ்எஸ்ஸில் கணக்குப் போடும் கால்க் அடைப்புக்குள் 100-இலிருந்து --அளவு மதிப்பைக் கழித்து, வந்த விடையை 1 பிக்சலால் பெருக்குங்கள். பிக்சல் அலகு இல்லாத கால்க் கணக்கை எஸ்விஜி பண்புகளில் எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி நடத்துவதில்லை, அதனால்தான் இந்தப் பெருக்கல். பாத்லென்த் இருப்பதால் இங்கே 1 பிக்சல் என்பது சுற்றளவில் நூறில் ஒரு பங்காகவே நடந்துகொள்ளும்.

டேஷ்ஆஃப்செட்டில் 25% என்று சதவீதக் குறியோடு எழுதிவிடாதீர்கள். அந்தச் சதவீதம் சுற்றளவில் கணக்கிடப்படுவதில்லை, எஸ்விஜி பரப்பின் மூலைவிட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விடை ஏறக்குறையச் சரிபோலத் தோன்றி ஏமாற்றும்.

படி 3: உச்சியிலிருந்து தொடங்க வைத்தல்

இப்போது பார்த்தால் வளையம் கடிகாரத்தின் 3 மணி இருக்கும் இடத்திலிருந்து நிரம்பும். எஸ்விஜி வட்டம் அங்கிருந்துதான் வரையப்படுகிறது. 12 மணியிலிருந்து தொடங்க, 90 பாகை பின்னால் திருப்ப வேண்டும்.

இதற்கு சிஎஸ்எஸ்ஸில் ரொட்டேட் எழுதி, வளையம் திரையை விட்டே பறந்துபோனதைப் பார்த்துத் திகைக்காத புதியவர் குறைவு. எச்டிஎம்எல் பெட்டிகள் தம் நடுவைச் சுற்றித் திரும்பும். எஸ்விஜிக்குள் இருக்கும் வட்டமோ வியூபாக்ஸின் 0, 0 மூலையைச் சுற்றித் திரும்பும். நேரான தீர்வு, வட்டத்தின் டிரான்ஸ்ஃபார்ம் பண்பிலேயே மையத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது: ரொட்டேட், அடைப்புக்குள் -90 60 60. சிஎஸ்எஸ்ஸில்தான் எழுத வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸுக்கு ஃபில்-பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினுக்கு சென்டர் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 4: அசைவு

இரண்டாவது வட்டத்துக்கு ஒரு டிரான்சிஷன் கொடுத்தால் --அளவு மாறும்போதெல்லாம் வளையம் வழுக்கிக்கொண்டு நகரும். எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தேர்வு மதிப்பெண், படித்து முடித்த பாடங்கள் போன்ற மாறாத எண்ணை ஒரே ஒருமுறை நிரப்பிக் காட்டுவதானால் 800 மில்லிநொடியும் ஈஸ்-அவுட்டும் அழகாக இருக்கும். வேகமாகக் கிளம்பி மெல்ல வந்து நிற்கும். அதே அமைப்பை அப்லோடுக்கு வைக்காதீர்கள். அப்லோட் நடக்கும்போது பிரவுசர் ஏறக்குறைய 50 மில்லிநொடிக்கு ஒருமுறை புதிய எண்ணைத் தரும். 800 மில்லிநொடி அசைவு முடிவதற்குள் பத்துப் பதினைந்து முறை இலக்கு மாறி, ஒவ்வொரு முறையும் அசைவு புதிதாகத் தொடங்கும். வளையம் உண்மை எண்ணுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். நடுவில் 100% என்று எழுதியிருக்க, வளையம் இன்னும் முக்கால்வாசியில் நிற்கும். நேரலை எண்ணுக்கு 150 முதல் 200 மில்லிநொடி, லீனியர் (சீரான வேகம்). அதற்கு மேல் வேண்டாம்.

பக்கம் திறந்தவுடன் 0-இலிருந்து நிரம்ப வேண்டும் என்று எதிர்பார்த்து, முழு அளவில் அசையாமல் நிற்கும் வளையத்தைக் காண்பதும் சகஜம். எலிமென்டைப் பக்கத்தில் சேர்த்த அதே நொடியில் --அளவு மதிப்பையும் கொடுத்தால், பிரவுசர் இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டு முடிவை மட்டுமே வரையும். எங்கிருந்து நகர்வது என்பதே அதற்குத் தெரியாது. இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தந்திரங்கள் உண்டு. ஆனால் சுத்தமான வழி சிஎஸ்எஸ் கீஃப்ரேம்ஸ்தான். அதில் 'ஃப்ரம்' பகுதியை மட்டும் எழுதி டேஷ்ஆஃப்செட்டுக்கு 100 பிக்சல் கொடுங்கள். 'டு' பகுதியை எழுதாமல் விட்டால், வட்டத்துக்கு இயல்பாக உள்ள மதிப்பை பிரவுசரே முடிவாக எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றப்படாமல் போனாலும் வளையம் சரியான அளவில் வந்து நிற்கும்.

பக்கத்தின் கீழே இருக்கும் வளையம், அங்கே உருட்டி வந்த பிறகே நிரம்ப வேண்டுமானால் இன்டர்செக்‌ஷன் அப்சர்வரைப் பயன்படுத்துங்கள். த்ரெஷோல்ட் 0.4 என்று வைத்தால் வளையத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கண்ணில் பட்டதும் தகவல் வரும். அப்போது அசைவுக்கான கிளாஸைச் சேர்த்து, உடனே கண்காணிப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் மேலும் கீழும் உருட்டும்போதெல்லாம் உங்கள் நிரல் வீணாக ஓடும்.

உருண்டை முனையின் கணக்கு

ஸ்ட்ரோக்-லைன்கேப்புக்கு ரவுண்ட் கொடுத்தால் கோட்டின் முனை உருண்டையாகி அழகு கூடும். கூடவே இரண்டு பிழைகளும் வரும். உருண்டை முனை கோட்டின் நீளத்துக்கு வெளியே பருமனில் பாதி நீண்டிருக்கும். நம் கணக்கில் ஒரு முனைக்கு 5 அலகு, இரண்டு முனைக்கும் சேர்த்து 10. சுற்றளவு 326.73 என்பதால் இது ஏறக்குறைய 3%. ஆகவே 97% ஆனதுமே இரு முனையும் ஒட்டி, வளையம் முழுமையடைந்ததுபோலத் தெரியும். இன்னொரு பக்கம், 0% இருக்கும்போது சில பிரவுசர்களில் உச்சியில் ஒரு புள்ளி நிற்கும்.

புள்ளியை மறைக்க, அளவு 0 ஆக இருக்கும்போது இரண்டாவது வட்டத்தின் ஒபாசிட்டியை 0 ஆக்கினால் போதும். 97% சிக்கலுக்கு அப்படி எளிய மருந்து இல்லை. கோட்டை மெல்லியதாக்கலாம்: பருமன் 4 என்றால் பிழை 1.2% அளவுக்கு இறங்கும். கடைசி 3% முக்கியமான இடங்களில், அதாவது அப்லோட், பேக்கப் போன்றவற்றில், உருண்டை முனையை விட்டுவிட்டு தட்டை முனையையே வையுங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

நடுவில் எண்

சதவீதத்தை எஸ்விஜிக்குள் டெக்ஸ்ட் எலிமென்டாக வைக்கலாம். அதைவிட எளிது, வெளியே ஒரு டிவ் போட்டு, அதை கிரிட் ஆக்கி, எஸ்விஜியையும் எண்ணுள்ள ஸ்பேனையும் ஒரே அறையில் நடுவாக அமர்த்துவது. இரண்டுக்கும் கிரிட்-ஏரியா 1 / 1, வெளி டிவ்வுக்கு பிளேஸ்-ஐட்டம்ஸ் சென்டர். வளையத்தை எப்படித் திருப்பினாலும் எழுத்து திரும்பாது.

எண் 10-இலிருந்து 11-க்கும், 19-இலிருந்து 20-க்கும் போகும்போது எழுத்து இடவலமாகத் துடிக்கும். ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் பண்புக்கு டேபுலர்-நம்ஸ் கொடுத்தால், அந்த வசதியுள்ள எழுத்துருக்களில் எல்லா இலக்கமும் ஒரே அகலம் பெறும். நடுவே தமிழ்ச் சொல்லும் வைக்க நினைத்தால் உள்வட்டத்தின் விட்டம் 94 அலகுதான் என்பதை நினைவில் வையுங்கள். 28 அளவு எழுத்தில் '100%' தாராளமாக அமரும். 'பதிவேறுகிறது' அமராது. சொல்லை வளையத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

உண்மையான எண்ணை எங்கிருந்து பெறுவது

அப்லோடுக்கு, சர்வரோடு பேச ஜாவாஸ்கிரிப்டில் இன்று வழக்கமான ஃபெட்ச் போதாது. எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற பழைய முறைதான் இங்கே கைகொடுக்கும். அதன் அப்லோட் என்ற பகுதியில், அனுப்பத் தொடங்குவதற்கு முன்பே, ப்ராக்ரெஸ் நிகழ்வுக்குக் காதுகொடுங்கள். நிகழ்வில் லென்த்கம்ப்யூட்டபிள் உண்மையாக இருந்தால் லோடட்-ஐ டோட்டல்-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி, செட்ப்ராப்பர்ட்டி வழியாக --அளவு மாறியில் போடுங்கள். வேறு டொமைனுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், இப்படிக் காதுகொடுத்தவுடன் பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்கும் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பும். சர்வர் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இல்லாவிட்டால், நேற்றுவரை ஓடிய அப்லோட் வளையத்தைச் சேர்த்ததும் நின்றுபோகும்.

100% வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள் இல்லை. பைட்கள் போய்ச் சேர்ந்தன, அவ்வளவுதான். சர்வர் அதன் பிறகு படத்தைச் சுருக்கலாம், வைரஸ் சோதிக்கலாம். அந்த நேரத்தில் முழு வளையம் அப்படியே உறைந்து நிற்பதைப் பார்த்துத்தான் பயனர் பக்கத்தை ரீலோட் செய்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார். 100% ஆனதும் சுழலும் வளையத்துக்கு மாறி, 'சரிபார்க்கப்படுகிறது' என்று எழுதுங்கள். சர்வரின் பதில் வந்த பிறகே 'முடிந்தது' என்று காட்டுங்கள்.

டவுன்லோடுக்கு ஃபெட்ச் போதும். பதிலின் பாடியிலிருந்து ரீடரை வாங்கி, வரும் துண்டுகளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், கன்டென்ட்-லென்த் ஹெடரில் உள்ள எண்ணால் வகுக்கலாம். சர்வர் ஜிசிப்பில் சுருக்கி அனுப்பினால் மட்டும் கணக்கு உதைக்கும். ஹெடர் சொல்வது சுருக்கிய அளவு, உங்கள் கைக்கு வருவது விரித்த பைட்கள். வளையம் 100-ஐத் தாண்டி 300% என்றெல்லாம் போகும். சுருக்காத அளவை சர்வர் தனியொரு ஹெடரில் தரும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் சுழலும் வளையமே நேர்மையானது.

திரையைப் பார்க்க முடியாதவருக்கும்

வெளி டிவ்வுக்கு ரோல் என்ற பண்பில் ப்ராக்ரெஸ்பார் கொடுங்கள். ஏரியா-வேல்யூமின் 0, ஏரியா-வேல்யூமேக்ஸ் 100. (இந்த ஏரியாவை ஏ-ஆர்-ஐ-ஏ என்று எழுத வேண்டும், கிரிட்-ஏரியாவில் வந்தது வேறு.) ஏரியா-லேபலில் எது நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள், 'புகைப்படப் பதிவேற்றம்' என்பதுபோல. --அளவு மாறும்போதெல்லாம் ஏரியா-வேல்யூநவ் மதிப்பையும் மாற்ற வேண்டும். இது மறந்துபோனால் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் கடைசிவரை 0% என்றே சொல்லும். சதவீத எழுத்துக்கு ஏரியா-லைவ் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணாக வாசித்து ஆளைத் திணறடிக்கும். மதிப்பெண் காட்டும் வளையம் நடந்துகொண்டிருக்கும் வேலை அல்ல என்பதால் அதற்கு மீட்டர் என்ற ரோல் பொருத்தம்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 நெறிகளின்படி, பொருள் தரும் வரைபடப் பகுதிகள் பக்கத்தில் உள்ள நிறத்திலிருந்து குறைந்தது 3:1 வேறுபட வேண்டும். வெள்ளைப் பின்புலத்தில் #949494 என்ற சாம்பல்தான் அந்த எல்லையைத் தொடுகிறது. நிரம்பும் கோடு அதைவிட வெளிறினால் வெயிலில் போன் பார்ப்பவருக்குத் தடமும் கோடும் ஒன்றாகவே தெரியும்.

அசைவு சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். அவர்கள் சாதனத்தில் அசைவைக் குறைக்கும்படி அமைத்திருப்பார்கள். ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் மீடியா விதியை எழுதி, அதற்குள் டிரான்சிஷனையும் கீஃப்ரேம்ஸையும் நீக்குங்கள். வளையம் எண்ணுக்கு எண் தாவும், தகவல் அப்படியே இருக்கும்.

சுழலும் வளையம்

அதே இரண்டு வட்டங்கள்தான். டேஷ்அரேயில் 25 75 என்று கொடுத்தால் கால் பங்கு மட்டும் நிறம் பெறும். அதை 1 நொடிக்கு ஒரு சுற்று, லீனியர், முடிவில்லாமல் சுழற்றுங்கள். லீனியர் என்று குறிப்பிடாவிட்டால் இயல்பான ஈஸ் வந்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திக்கித் திக்கி ஓடும். நடந்த அளவு தெரியாது என்பதால் ஏரியா-வேல்யூநவ் இங்கே இருக்கவே கூடாது.

சுழற்றுவது உள்ளிருக்கும் வட்டத்தை அல்ல, வெளி எஸ்விஜி எலிமென்டை. அது தன் நடுவைச் சுற்றியே திரும்பும், மூலைச் சிக்கல் இல்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்ம் அசைவை பிரவுசர் தனி இழையில் (த்ரெட்) ஓட்டிக்கொள்ளும். டேஷ்ஆஃப்செட் அசைவோ உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் அதே முதன்மை இழையில் ஓடுகிறது. பெரிய ஜேசன் கோப்பை நிரல் பிரித்துக்கொண்டிருக்கும்போது டேஷ்ஆஃப்செட்டால் அசையும் சுழலி உறைந்து நிற்கும், பக்கமே செத்துவிட்டது என்று பயனர் நினைப்பார். டிரான்ஸ்ஃபார்மால் சுழல்வது அப்போதும் சுழலும். ஒபாசிட்டி 0-இல் தொடங்கி 300 மில்லிநொடி தாமதத்துக்குப் பின் தெரியவைத்தால், சட்டென்று முடியும் வேலைகளில் சுழலி தலைகாட்டவே காட்டாது.

எஸ்விஜி வேண்டாம் என்பவர்களுக்கு

கோனிக்-கிரேடியன்ட்டை ஒரு டிவ்வின் பின்புலமாக வைத்து, பார்டர்-ரேடியஸ் 50% கொடுத்து, ரேடியல் மாஸ்க்கால் நடுவை வெட்டினாலும் வளையம் வரும். அது 12 மணியிலிருந்தே தொடங்கும் என்பதால் திருப்பும் வேலை இல்லை. நிறம் வளைவோடு சேர்ந்து மாற வேண்டும் என்றால் இதுதான் வழி, எஸ்விஜியின் கிரேடியன்ட் கோட்டைப் பின்தொடர்ந்து வராது. ஆனால் --அளவு மாறியை அட்-ப்ராப்பர்ட்டி விதியால் எண் என்று பதிவு செய்யாவிட்டால் அசைவே இருக்காது, ஒரே தாவலில் மாறும். அந்த விதி குரோமுக்கு 2020-இலும் சஃபாரிக்கு 2023-இலும் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இன் 128-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் பார்ப்பவருக்கு எண் சரியாக இருக்கும், வழுக்கல் மட்டும் இருக்காது. நிறம் முடியும் விளிம்பு பல்லுப்பல்லாகத் தெரிந்தால் இரு நிறங்களுக்கும் நடுவே 0.5% இடைவெளி விடுங்கள்.

சோதிக்கும்போது

சொந்தக் கணினியின் சர்வருக்கு அனுப்பிப் பார்த்தால் அப்லோட் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து, எந்தப் பிழையும் கண்ணில் படாது. டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து, 5 எம்பி படம் ஒன்றை அனுப்புங்கள். பாதியில் ஆஃப்லைனுக்கு மாற்றுங்கள். வளையம் அதே இடத்தில் வாய்திறக்காமல் நின்றால், எரர் நிகழ்வைக் கவனிக்க மறந்திருக்கிறீர்கள். அதோடு 0, 1, 50, 97, 99, 100 ஆகிய ஆறு மதிப்புகளையும் கையால் கொடுத்துப் பாருங்கள். 1% கண்ணுக்குத் தெரிய வேண்டும், 99% முழு வளையமாகத் தோன்றக் கூடாது.